உப்பு இருக்கும் இடம்

“நீங்க இப்படித் திடுதிப்புனு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினா, எங்க அண்ணன் உயிரோட இருப்பாரா அண்ணி?”

பாஸ்தோரா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அண்ணி தோமாசா பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அலமாரியின் இரண்டாவது தட்டுக்கே முக்காலி தேடும் குள்ளம். பிடிவாதம் மட்டும் தேவாலயக் கோபுரம்.

அண்ணன் ஃபெர்மின், ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் ஃபிளமெங்கோ பாடகர். பாடுவதெல்லாம் விட்டுப்போன பெண்ணைப் பற்றித்தான். அண்ணி முன்பும் இப்படிப் போய்ப் போய் வந்தவள் என்பதால் தெருவே அவருக்காக இரங்கியது. ரொட்டிக்கடைக்காரி அவருக்குப் பூப்போன்ற ரொட்டியாகப் பார்த்துக் கொடுப்பாள், அண்ணிக்குக் கருகியது.

ஞாயிறு மதியம் பாட்டுச் சங்கத்தில் கச்சேரி. கேட்பதற்கென்றே செவில்லாவிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். அண்ணனோ, பாட்டைத் தொடங்க “ஆய்...” என்று இழுத்தால், கொஞ்ச நாளாகப் பல்வலிக்காரன் முனகல்போல்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் இவளும் போய்விட்டால்? பாஸ்தோரா கெஞ்சினாள், மிரட்டினாள், செத்துப்போன முன்னோர்கள் மேலெல்லாம் ஆணையிட்டாள்.

“அவருக்கு உப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாதே அண்ணி.”

“தெரியாது. நீயும் சொல்லிடாதே” என்றாள் தோமாசா. சான்லூக்கார் பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்நெஞ்சக்காரி என்று பாஸ்தோரா தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். அண்ணன் சவரம் செய்யவில்லை. அவள் கொடுத்த கொண்டைக்கடலைக் குழம்பைத் தொடவில்லை. அவர் சமையலறையில் டப்பாக்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மதியம் அண்ணன் கண்ணை மூடி “ஆய்” என்றார். வாய்க்குப் போன ஒயின் கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

*உப்பு எங்கே இருக்குதென்று*
*ஊரெல்லாம் கேட்டுவிட்டேன்;*
*ருசி உன்னோடு போச்சுதடி.*

சங்கமே சபாஷாக “ஓலே” என்று பெருமூச்சு விட்டது. செவில்லாக்காரர் கைக்குட்டையைத் தேடினார். பின்வரிசையில் யாரோ தாளம் தப்பாமல் மெல்லக் கைதட்டுவது கேட்டு பாஸ்தோரா திரும்பினாள். அண்ணி. கன்னமெல்லாம் ஈரம்.

பாஸ்தோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்ப அழுது என்ன பிரயோஜனம்? அந்த மனுஷனைத் தவிக்க விட்டுட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

தோமாசா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பெட்டி அலமாரி உச்சியில இருந்துச்சு பாஸ்தோரா, எனக்கு எட்டுமா? ‘பாட்டு வரமாட்டேங்குது, ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்கம்மா வீட்ல இரு’ன்னு அவரேதான் இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தார், பஸ் கிளம்பினதும் அதை மறந்துட்டு, ஒவ்வொரு தடவையும் நிஜமாவே அழறார், பாவம்.”