பேர் தெரியாத ஊருக்கு வழி

"கடல் எந்தப் பக்கம்டா வரும்?" என்று நைனா கேட்டார்.

"போறப்ப வலது பக்கம்," என்றான் தம்பி வெற்றி.

நைனா முகத்தைச் சுளித்தார். வடக்கே போகும்போது அவருக்குக் கரை இடது பக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும். இத்தனை வருஷமாக அந்தக் கரையை மீன்பிடி லாஞ்சில் நின்றே பார்த்துப் பழகியவர்.

மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. வெற்றி டாக்ஸி ஓட்டுகிற காரில் ராயபுரத்திலிருந்து கொல்கத்தா வரை போய்வருவது என்று முடிவாகியிருந்தது. வீட்டில் நாலு பேரும் சேர்ந்து வெளியூர் கிளம்புவது இதுதான் முதல் தடவை.

வழியில் எங்கெங்கே நிறுத்துவது என்பதில்தான் தகராறு.

வெற்றிக்கு விசாகப்பட்டினத்தில் கரையேற்றி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல். எனக்குக் கோனார்க் கோயில். அம்மாவைக் கேட்டால், எங்கே நிறுத்தினாலும் சரி, காலை நீட்டினால் போதும் என்றாள்.

நைனாவுக்கு ஒரே ஒரு ஊர். அதற்குத்தான் பேர் தெரியவில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது அடித்த புயலில் அவர் போன லாஞ்சு கவிழ்ந்தது. ஆந்திரக் கரையில் ஏதோ ஒரு மீனவர் குப்பத்தில் ஒதுங்கினார். ஒரு பெண் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டு, வீட்டுக்குத் தூக்கிப்போய், கொடியில் கிடந்த சட்டையை மாட்டிவிட்டுக் கஞ்சி கொடுத்திருக்கிறாள். மறுநாள் பாதி மயக்கத்திலேயே ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பேரைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

அந்தக் குப்பம் இல்லையென்றால் எனக்கு நைனா இல்லை. பார்க்காமலேயே எனக்குப் பிடித்த ஊர் அது ஒன்றுதான்.

"கடலுக்குள்ள இருந்து பார்த்தா கண்ணை மூடிக்கினு காட்டுவேன்டா. விசாகப்பட்டினம் மலை மறைஞ்சதும் ஒரு லைட் ஹவுஸ். அத்தைத் தாண்டி ரெண்டு சவுக்குத் தோப்பு, நடுவுல ஒரு வெள்ளைக் கோயிலு கீது."

வெற்றி போனில் வரைபடத்தைப் பெரிதாக்கித் தேடினான். அந்தக் கரை முழுக்கத் தோப்பு, தோப்புக்குத் தோப்பு கோயில்.

"நைனா, நாம போறது கார்ல. இத்தைத் தேடிக்கினு இருந்தா தடைக்காலமே முடிஞ்சிடும். இந்த ஒண்ணை வுட்டுடலாம்."

நைனாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நீங்க கப்பலு, கோயிலு எல்லாம் பாருங்க. என்னிய மட்டும் அங்க எங்கனா இறக்கி வுட்டுடு. நான் நடந்து தேடிக்கிறேன்," என்றார்.

எங்களிடம் அவர் இப்படி இறங்கி எதையும் கேட்டதில்லை.

மடியில் ஒரு புதுச் சட்டை வைத்திருந்தார். அந்த வீட்டுக்காரருக்காம். "அந்த அண்ணன் அன்னிக்கு வூட்டுல இல்ல. அவரு சட்டையைப் போட்டுக்கினுதான் நான் வந்தேன். கையப் புடிச்சி ஒரு வார்த்தை சொல்லணும்."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அந்த வூட்டு நம்பரு என்கிட்ட கீது."

மூன்று பேரும் அம்மாவையே பார்த்தோம்.

"நீ பொழைச்சிக்கினன்னு எனக்கு யாரு சொன்னதுன்னு நெனைச்ச? அந்த அக்காதான். மயக்கத்துல நீ உளறின நம்பருக்குப் போட்டுச்சு. அப்பலேர்ந்து நாங்க பேசிக்கினுதான் கீறோம்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாவுக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு. அங்கே உட்கார்ந்தே பேசியிருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாது.

"என்கிட்ட ஏன்மே சொல்லல?"

"புயலுன்னு வாயத் தொறந்தாலே எழுந்து வெளிய போயிடுவ. உன்கிட்ட எங்க சொல்றது?"

உண்மைதான். அன்று அவருடன் போனவர்களில் ரெண்டு பேர் திரும்பவில்லை. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

நைனா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "போடு, இப்பவே போடு. அந்த அண்ணன்கிட்டக் குடு, வழிய நானே கேட்டுக்கிறேன்."

அம்மா நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. நைனாவைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணன் இல்லய்யா. அதே புயல்ல தொழிலுக்குப் போனவரு, திரும்பவே இல்ல. அவரைத் தேடிக்கினு கரைக்கு வந்தப்பதான் அக்கா உன்னியப் பார்த்துச்சு."

நைனாவின் கை சட்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். கொஞ்சம் வயதான பெண் குரல். நலம் விசாரிக்கவில்லை, யார் என்றுகூடக் கேட்கவில்லை. தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி.

கடலுக்குப் போனவன் வீட்டு வாசலில் கேட்கிற கேள்வி. காசிமேட்டுக்காரர்களுக்கு அது எந்த மொழியிலும் புரியும்.

"வந்துட்டாரா?"

"எப்பப் பேசினாலும் மொதல்ல உன்னியப் பத்தி இத்தைத்தான் கேக்கும்," என்றாள் அம்மா. போனை நைனாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

நைனா அதை ரெண்டு கையாலும் வாங்கினார்.

"வந்துட்டேன்க்கா," என்றார்.