பாஸாகும் வரை

விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு இசக்கியம்மாள் அக்காவை எழுப்பினேன். எங்கள் கல்லூரிக் கபடி அணியின் கேப்டன். முப்பத்தொரு வயது. இன்னும் மூன்றாம் ஆண்டு மாணவி.

“அக்கா, பயமா இருக்கு. எல்லாக் கேள்விக்கும் நல்லா எழுதினேன். மறுபடியும் அரியர் போட்டுட்டாங்க.”

“படிக்கிற வரைக்கும்தானடி கபடி ஆட காலேஜ் சம்பளம் தரும்? உங்க வீட்ல சந்தோஷப்படுவாங்க.”

“நான் ஃபெயிலானதுக்கு அம்மா கோயில்ல பொங்கல் வைக்கிறாங்களாம். எனக்கு டீச்சராகணும்க்கா.”

“பாஸாகுற வரைக்கும் ஆடுறேன்னு கையெழுத்து போட்டேல்ல? ஃபைனல்ல எத்தன பாயின்ட் எடுத்த?”

“பத்தொம்பது.”

“அப்புறம் எவன்டி உன்ன பாஸ் போடுவான்?” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இங்க யாருமே பாஸானதில்லையா?”

சிரிப்பு நின்றது.

“நம்ம டீம்ல ஆடுன ஜெயக்கொடி பாஸானாளே. முட்டி ஒடஞ்ச அதே வாரம். எல்லாப் பேப்பர்லயும் தொண்ணூறுக்கு மேல.”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வைக்குள் என் முட்டிகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. எனக்குப் பயம் இன்னும் கூடியது.