சங்கையாவின் கடவுச்சொல்

காலையிலிருந்து பதினோரு பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நின்றார்கள். தொழிற்சாலையின் ‘விக்கி’ என்ற பொதுப் பதிவுத் தளத்தில் அவரவர் மெஷினின் கோளாறை அவரவரே எழுத வேண்டும். அதன் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தவமணிக்கு, மாற்றிக் கொடுத்தே எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. பன்னிரண்டாவதாக மேலாளரே வந்தார்.

“சங்கையா பாஸ்வேர்டை மாத்திக் குடுய்யா.”

பிரஸ் மெஷினில் வலது கையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் சங்கையா. ‘கையைக் காக்கும் தடுப்பு வேலை செய்யவில்லை’ என்று விக்கியில் மூன்று தடவை எழுதியிருந்தான்.

“அவன் கேக்கலையே சார்?”

“நாளைக்கு விசாரணை. ‘தடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு, தப்பு என்மேலதான்’னு அவன் பேர்ல எழுதணும்.”

“கை போனவன் எப்படி சார் எழுதுவான்?”

“இடது கை இருக்குல்ல?”

தவமணி பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினான். ‘பயனருக்குத் தெரிவி’ என்ற கட்டத்தில் எப்போதும் ஒரு டிக் இருக்கும். அதை அவன் எடுக்கவில்லை. மேலாளருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

புது பாஸ்வேர்டை அவர் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே தவமணியின் போன் அடித்தது. சங்கையாவின் மனைவி. ஸ்பீக்கரைப் போட்டான்.

“அண்ணே, இவரு போன்ல பாஸ்வேர்டு மாத்தியாச்சுன்னு வந்திருக்கு. இவரு இன்னும் கண்ணே தொறக்கலையே. யாருண்ணே மாத்துனது?”

தவமணி போனை மேலாளர் பக்கம் நீட்டினான்.