ஆறு ஐம்பதுக்காரி

செண்பகத்தின் பதினோரு வருஷ நம்பிக்கைக்கு விலை வெறும் முந்நூறு ரூபாய். கணவன் லோகு பைக் பெட்டியில் ஈரத்துணி சுற்றி ஒளித்திருந்த ரோஜா மாலைக்கு அவ்வளவுதான் இருக்கும்.

போனில் வேறு குழைந்தான். "இந்த வருசம் மாலை என்னுது மச்சான். இந்தக் குக்கிராமத்துலேர்ந்து தெனமும் மெட்ராசுக்குக் கூட்டிகினு போறாளே, அவளுக்குச் செய்யாம?"

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோவில் பின்தொடர்ந்தாள் செண்பகம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் லோகு மாலையைப் போட்டுவிட்டு, பயபக்தியோடு பொட்டு வைத்துக்கொண்டிருந்தான், ஆறு ஐம்பது மின்சார ரயிலின் முகத்தில்.

"சீசன் டிக்கெட்காரங்க போடுற ஆயுத பூஜைடி. நீ இன்னா இங்க?"

"இவளுக்கு இதுவரைக்கும் எத்தினி மாலை?"

"வருசத்துக்கு ஒண்ணு. பதினொண்ணு."

"எனக்கு?"

"கல்யாணத்தன்னிக்கு ஒண்ணு..."

ரயிலை முறைத்தபடியே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள் செண்பகம்.

"மெட்ராசுக்கு நானும் வரேன். பத்து மாலை பாக்கி."