ஆழ்கடல் மீனுக்குத் திருஷ்டி

மானகிரி வீட்டு அடுப்படியில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஈஸ்வரியின் கைபேசிக்குள் மகள் சந்திரலேகா, தென்கடலில் நிற்கும் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து, தன் பின்னாலுள்ள திரையைக் காட்டுகிறாள். வெளிச்சமே எட்டாத கடற்பள்ளத்தில் நத்தைமீன் ஒன்று நீந்துகிறது; செதிலில்லாத இளஞ்சிவப்பு உடம்பு, பிறந்த பிள்ளையின் காதுமடல் மாதிரித் தோல். “கப்பல்ல எல்லாரும் இதத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்காக.” ஈஸ்வரிக்குப் பதறுகிறது. “அம்புட்டுக் கண்ணும் இந்தப் பச்சப்புள்ள மேலயா?” உப்பையும் மிளகாயையும் அள்ளிக் கைபேசியைச் சுற்றுகிறாள். “துப்பச் சொல்லுடி.” “மீனு எப்புடிம்மா துப்பும்?” “அப்ப அதுக்காக நீ துப்பு.” சந்திரலேகா கம்பளித் தொப்பியைக் கழற்றி, சிறுவயதில் செய்ததைப் போலவே கண்ணை மூடித் துப்புகிறாள். அடுப்பில் போட்ட மிளகாய் வெடிக்கிறது; நெடியே இல்லை. “பாத்தியா, எம்புட்டுக் கண்ணு!” என்கிறாள் ஈஸ்வரி, மகளையே பார்த்தபடி.