கடைசி நான்கு நொடி

கண்ணாடி மேஜைமேல் மூன்று இயர்போன்கள் இருந்தன. நானூறு, நாலாயிரம், நாற்பதாயிரம்.

“பாட்டு போட்டுக் கேளுங்க சார்,” என்றார் கடைக்காரர்.

பெரியவன் பாட்டு போடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த அம்மாவின் செல்போனில் ஒரு குரல் செய்தியைத் திறந்தான். போன மாதம் பைக் சறுக்கி இறந்துபோன சின்னவன், அன்று மாலை அம்மாவுக்கு அனுப்பியது. மொத்தம் இருபது நொடி.

அம்மா தினமும் போனைக் காதோடு அழுத்தி அதைக் கேட்கிறாள். கேட்டு முடித்ததும் ஒரே புலம்பல். “கடைசில என்னமோ சொல்றான்டா, வெளங்க மாட்டேங்குது. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுடா.”

பெற்ற வயிறு. நாற்பதாயிரமே ஆனாலும் வாங்கிவிடுவது என்றுதான் பெரியவன் வந்திருந்தான். சின்னவனுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை, அவளுக்காவது செய்யலாம்.

நானூற்றில் சின்னவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசினான். “அம்மா, கெளம்பிட்டேன். எனக்காக முழிச்சிருக்காத. சாப்ட்டுட்டுப் படு.” அப்புறம் வெறும் இரைச்சல்.

நாலாயிரத்தில் அந்த இரைச்சல் மழையாயிற்று. தகரக் கூரையில் விழுகிற நல்ல மழை. அதற்கடியில் ஏதோ முணுமுணுப்பு.

பேசி முடித்தும் பொத்தானிலிருந்து விரலை எடுத்திருக்க மாட்டான். அவன் எப்போதும் அப்படித்தான், சோம்பேறி. அவன் அனுப்புவதில் பாதி கொட்டாவியும் சாவிக்கொத்துச் சத்தமுமாகத்தான் இருக்கும்.

நாற்பதாயிரத்தை மாட்டினான். யானை விலை, குதிரை விலைதான். ஆனால் சின்னவன் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டான். மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. பெரியவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசி நான்கு நொடி வந்தது.

“அண்ணன் ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டான். கார் வராது. சரி, பைக்தான்.”

பெரியவன் திரும்பவும் கேட்டான். அதேதான்.

அந்த மழையில் தம்பி உன்னைக் கூப்பிடவே இல்லையா என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா கேட்டிருந்தாள். இல்லைம்மா என்று சொல்லிவிட்டான். தன் போனிலிருந்த இரண்டு அழைப்புகளையும் காதும் காதும் வைத்தாற்போல அழித்தும்விட்டான்.

அன்றைக்கு அவனுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. காலையில்தான் காரைக் கழுவியிருந்தான்.

“வித்தியாசம் தெரியுதா சார்?” என்றார் கடைக்காரர்.

பெரியவன் நானூற்றை மறுபடி எடுத்து மாட்டினான். சத்தத்தை முழுக்க ஏற்றி, கடைசி நான்கு நொடியை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். மூன்று முறையும் வெறும் இரைச்சல்.

“இதையே குடுங்க,” என்றான். “அம்மாவுக்குத்தான்.”