மில் சுவரில் ஓர் இடம்

“எங்கப்பாவக் கொன்னவன் படம் அந்தச் செவுத்துல ஏறக் கூடாது. அவ்வளவுதான்.”

நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தபடி சொன்னார் புருஷோத்தமன். எழுபது வயதிலும் சட்டைக் காலர் கசங்காத மனிதர்.

எதிரே நின்ற ஜஹபர் நிஷா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஆற்றோரத்தில் மூடிக் கிடந்த பஞ்சு மில்லை அருங்காட்சியகமாக மாற்றுகிறார்கள். பழைய தொழிலாளர்களின் படங்களை அங்கே மாட்டப் போகிறார்கள். அவளுடைய அத்தா கரீமின் படத்துக்கு மட்டும் புருஷோத்தமனின் அப்பா குப்பனின் குடும்பம் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“அத்தா செஞ்சது தப்புதாண்ணா. ஆளு உள்ள இருக்கறத பாக்காம மெஷின ஓட்டிட்டேன்னு சாவற வரைக்கும் அதயேதான் சொல்லினு இருந்தாரு. வேலயும் போச்சு. பெரிய மார்க்கெட்ல மூட்ட தூக்கியே செத்தாரு.”

“எங்கப்பாவ நாங்க தூக்கினோமே, அதுக்கு என்னா சொல்ற?”

“அவரு போனதுக்கு உங்களுக்கு மில்லுல வேலயாவது குடுத்தாங்க.”

“எங்கப்பா உசுருக்குக் கூலியா அது?”

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். “ஒண்ணா வேல செஞ்சவங்கண்ணா. எங்கனா ஒரு மூலயில மாட்டட்டும். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“குப்பன் குடும்பத்துக்கு மானம் இருக்கு. போயிட்டு வா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கட்டிலில் படுத்திருந்த அவருடைய அம்மா சொர்ணம் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“பாவண்டா அந்தப் பொண்ணு. உங்கப்பா மில்லுல சாவல. அன்னிக்கு நீ ஊர்ல இல்ல. ராத்திரி நெஞ்சுவலி வந்து வூட்லயே செத்துட்டாரு. மில்லுக்குள்ள செத்தாத்தான் புள்ளைக்கு வேல தருவாங்க. கரீம்தான் பொணத்தத் தோள்ல போட்டுக்கினு ஆத்தோரமா பின்கேட்டு வழியாப் போனாரு. மெஷின்ல உட்டுட்டு, பழியத் தன் தலைல போட்டுக்கினாரு.”

புருஷோத்தமன் எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

“தெரியும்மா. பொணத்தக் குளிப்பாட்டினவன் நான்தானே, காயத்துல சொட்டு ரத்தம் இல்ல. மெதுவாப் பேசு, அவ இன்னும் தெருமுனை தாண்டல.”